ஓடும் வீட்டின் கழிவு நீர்

புது வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசலைப் பார்ப்பார்கள், கூடத்தைப் பார்ப்பார்கள், காற்றோட்டம் உண்டா, வெளிச்சம் உண்டா என்று வினவுவார்கள். அவ்வீட்டின் கழிவு நீர் எவ்வழியாக வெளியேறி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே. நிலத்தில் ஊன்றி நிற்கும் வீட்டிற்கே இந்நிலை என்றால், சக்கரத்தின் மேல் ஓடும் வீட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

'கேரவன்' என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் ஓய்வு கொள்ளவும் நிறுத்தி வைக்கப்படும் வண்டி அது என்பதை யாவரும் அறிவர். அவ்வண்டி இன்று திரையுலகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை ஆகிய அனைத்தும் அமைந்த வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லோனாவாலாவுக்கும் கொங்கணக் கடற்கரைக்கும் குடும்பத்தோடும் நண்பர்களோடும் செல்லும் வழக்கம் வளர்ந்து வருகிறது. 2021ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளையே வகுத்தன. வாடகைக்கு விடுவோர் தரும் விளம்பரத் தாள்களில் மெத்தையின் படம் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் படம் இருக்கும். வண்டியின் அடியில் தொங்கும் கழிவுத் தொட்டியின் படம் மட்டும் இராது. அந்தத் தொட்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

இரு வகை நீர்

ஓடும் வீட்டில் மூன்று தொட்டிகள் இருப்பது முறை. ஒன்று நல்ல நீருக்கு. இரண்டாவது, பாத்திரம் கழுவிய நீர், குளித்த நீர், கை கழுவிய நீர் ஆகியவற்றுக்கு. மூன்றாவது, கழிப்பறையிலிருந்து வருவதற்கு. இரண்டாவதைக் கழுவுநீர் என்றும், மூன்றாவதை மலநீர் என்றும் நாம் அழைப்போம்.

இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் அறிவு மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்ததன்று. நம் ஊர் வீடுகளில் அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலம்பிய முதல் நீரும் கழுநீர்ப் பானைக்குப் போயின. மாடு அதைக் குடித்தது. குளித்த நீர் கொல்லையில் வாழைக்கும் தென்னைக்கும் போயிற்று. மலம் இவ்விரண்டோடும் கலவாமல் தொலைவில் நின்றது. எந்த நீர் எதற்கு உதவும், எது எதனோடு சேரலாகாது என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர்.

கழுவுநீரில் சோப்பும் எண்ணெயும் உணவுத் துணுக்குகளும் உண்டு. அதில் நோய்க் கிருமிகள் குறைவு. எனினும் அதை மூடிய தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்தால் அதுவும் அழுகி நாறத் தொடங்கிவிடும். மலநீரின் செய்தி வேறு. ஒரு மனிதன் நாளொன்றுக்கு வெளியேற்றும் சிறுநீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். மலமோ சில நூறு கிராம். அளவில் இது சிறிதே. ஆனால் காலரா, டைபாய்டு, மஞ்சட்காமாலை, இளம்பிள்ளை வாதம் ஆகிய நோய்களின் கிருமிகள் பயணம் செய்யும் பாதை இதுவே. இச்சிறிய அளவைப் பத்து லிட்டர் நல்ல நீரை ஊற்றித் தள்ளிவிடும்போது, பத்து லிட்டரும் மலநீராகிவிடுகிறது. அளவைப் பெருக்குவது நாம்தான்.

ஏன் கொட்டக் கூடாது?

"இவ்வளவு பெரிய ஏரி; இதில் ஒரு சிறு தொட்டி நீர் கலந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பார் உண்டு. இக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு சிறு கணக்குப் போதும்.

மீன் முதலிய நீர்வாழ் உயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்து வாழ்கின்றன. நம் நாட்டு வெப்ப நிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்க முடியும். அழுகும் பொருள் நீரில் சேர்ந்தால், அதை உண்ணும் நுண்ணுயிர்கள் அப்பிராணவாயுவையே எடுத்துச் செலவிடுகின்றன. ஒரு லிட்டர் கழிவு நீர் இவ்வாறு எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவைத் தின்னும் என்பதை அளந்து, அந்த எண்ணைக் கொண்டே கழிவின் வன்மையை விஞ்ஞானிகள் குறிக்கின்றனர். நகரத்துப் பாதாளச் சாக்கடை நீருக்கு இந்த எண் பெரும்பாலும் 200 முதல் 300 வரை இருக்கும். கேரவன் தொட்டியிலோ நீர் குறைவு, கழிவு மிகுதி. ஆகையால் அங்கே இந்த எண் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அதை 3,000 என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 80 லிட்டர் மலநீர் இருப்பதாகக் கொள்வோம். 80ஐ 3,000ஆல் பெருக்கினால் 2,40,000 மில்லிகிராம். அதை 8ஆல் வகுத்தால் 30,000. அதாவது, நால்வர் இரண்டு நாளில் நிரப்பிய ஒரு சிறு தொட்டி, 30,000 லிட்டர் ஏரி நீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் குடித்துவிடும் வன்மை உடையது. மும்பைத் தெருக்களில் ஓடும் பத்தாயிரம் லிட்டர்த் தண்ணீர் லாரிகள் மூன்றை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். காற்றிலிருந்து புதிய பிராணவாயு வந்து கலக்கும் என்பது உண்மையே. ஆனால் கரையோரத்தில் தேங்கி நிற்கும் நீரில் அது மெல்லத்தான் வந்து சேரும். மீன் அதுவரை காத்திருக்க இயலாது. கிருமிகளின் கணக்கு இதில் சேரவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நிற்க. லோனாவாலாவுக்கு அருகே பவனா ஏரிக்கரை, கூடாரமடித்துத் தங்குவோர் விரும்பிச் செல்லும் இடம். நம் மாணவரிலும் பலர் அங்குச் சென்று வந்திருப்பர். அவ்வேரி பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரத்து மக்களின் குடிநீர் என்பதை அங்கே நெருப்பு மூட்டிப் பாடி மகிழும் எத்தனை பேர் அறிவர்?

நம் நாட்டின் மிகப் பெரிய ஓடும் வீடு

கேரவன் நமக்குப் புதிது. ஆனால் ஓடும் வீட்டின் கழிவு என்னும் சிக்கல் நமக்குப் புதிதன்று. அது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. நாம் ஊருக்குப் போகும் இரயில் வண்டியே அந்த ஓடும் வீடு. மும்பையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஓர் இரவும் ஒரு பகலும். நாகர்கோவிலுக்கு அதனினும் மிகுதி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உண்டு, உறங்கி, காலைக்கடன் முடித்து ஊர் சேருகின்றனர். அவ்வண்டி நமக்குத் தரும் பாடத்தைக் கேரவன்காரர் கட்டாயம் படிக்க வேண்டும்.

தொடக்க காலத்தில் சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறையே இல்லை. 1909ஆம் ஆண்டில் ஓகில் சந்திர சென் என்னும் வங்காளப் பயணி, நிலையத்தில் இறங்கி ஒதுங்கிய வேளையில் வண்டி தம்மை விட்டுவிட்டுப் புறப்பட்டதையும், ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து பலர் நகைக்க நின்றதையும் சாகிப்கஞ்ச் அலுவலகத்துக்கு எழுதி முறையிட்டார். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அம்முறையீடு இரயில்வே வரலாற்றில் புகழ்பெற்றுவிட்டது.

பிறகு கழிப்பறைகள் வந்தன. ஆனால் எப்படி வந்தன? தரையில் ஒரு துளை. துளைக்குக் கீழே தண்டவாளம். பயணிக்கு வசதி, பாதைக்கு அழிவு. "வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்" என்ற அறிவிப்பை நாமெல்லாரும் படித்திருக்கிறோம். அதன் பொருள் என்ன? நிலையத்தில் வேண்டாம்; ஊருக்கு வெளியே ஆகட்டும் என்பதுதானே! சில பெட்டிகளில் வேறொரு பொறியையும் வைத்துப் பார்த்தனர். வண்டி வேகம் பிடித்த பிறகே அதன் கதவு திறந்து கழிவை வெளியே தள்ளும். நிலையம் தூய்மையாயிற்று, வயல்வெளி அழுக்காயிற்று. கழிவு நீங்கவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

இதனால் விளைந்த கேடுகள் இரண்டு. ஒன்று இரும்புக்கு, மற்றொன்று மனிதனுக்கு. மலமும் சிறுநீரும் ஓயாது விழுவதால் தண்டவாளமும் அதைப் பிணைக்கும் கொக்கிகளும் அரித்துப்போகின்றன என்றும், பாதையைப் பழுது பார்ப்பதும் கடினமாகிறது என்றும், அணு விஞ்ஞானி அனில் ககோத்கர் தலைமையில் அமைந்த பாதுகாப்புக் குழு 2012ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. இரும்பின் கேட்டைக் குழு எழுதியது. மனிதனின் கேட்டை நாமே கண்ணால் கண்டிருக்கிறோம். பெரிய நிலையங்களில் வண்டி போன பின்பு, துடைப்பமும் நீர்க்குழாயும் கொண்டு பாதையில் இறங்கியவர் யார்? அவர் எந்தச் சாதியிற் பிறந்தவர்? இக்கேள்விகளுக்கு விடை அனைவருக்கும் தெரியும். ஆயினும் வாய் திறந்து சொல்பவர் சிலரே.

கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதனினும் விரிவான சட்டமும் வந்தன. 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலம் அள்ளுதல் என்பதன் வரையறையிலேயே இரயில் பாதையையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் தக்க பாதுகாப்புக் கருவிகளோடு செய்தால் அது மலம் அள்ளுதல் ஆகாது என்று ஒரு விலக்கையும் அதே சட்டம் வைத்தது. கையுறை அணிந்தால் மலம் மலம் அல்லாமற் போகுமா? துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதைகளில் நடக்கும் இவ்வேலையைக் காலவரை வகுத்து ஒழிக்கும்படி இரயில்வேக்குக் கூறியது.

இதற்கிடையில் விஞ்ஞானம் ஒரு வழி காட்டியது. பனிமலையில் காவல் புரியும் படைவீரருக்கு ஒரு தொல்லை உண்டு. அக்குளிரில் மலம் மட்காது. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதற்கெனப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் குவாலியர் ஆய்வுக்கூடம், பிராணவாயு இல்லாமலே வாழ்ந்து மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றை வளர்த்தெடுத்தது. அதையே இரயில் பெட்டிக்கும் பயன்படுத்தினர். கழிப்பறைக்குக் கீழே பல அறைகளாகத் தடுக்கப்பட்ட ஒரு தொட்டி. அதனுள் இந்நுண்ணுயிர்கள். அவை மலத்தை நீராகவும், மீதேன், கரியமில வாயு ஆகியவையாகவும் மாற்றும். வாயு காற்றிற் கலக்கும். நீர் குளோரின் வழியாகச் சென்று வெளியேறும். 2011ஆம் ஆண்டில் குவாலியர்-வாராணசி இடையே ஓடும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் இத்தொட்டிகள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டன. 2016 ஜூலை 24ஆம் நாள், நம் தமிழ்நாட்டு இராமேசுவரம்-மானாமதுரைப் பாதை, 114 கிலோமீட்டர் தொலைவும், மலம் விழாத நாட்டின் முதற்பாதை என்று அறிவிக்கப்பட்டது. பாம்பன் கடலைத் தாண்டிச் செல்லும் பாதை அது. தமிழர் பெருமை கொள்ளத் தக்க செய்தி அன்றோ? இன்று நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட உயிரிக் கழிப்பறைகள் இரயில் பெட்டிகளில் உள்ளன.

இதோடு கதை முடிந்ததா? இல்லை. 2017இல் வெளிவந்த மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை, ஏறத்தாழ 25,000 உயிரிக் கழிப்பறைகளில் ஓராண்டில் ஏறத்தாழ 2 லட்சம் குறைபாடுகள் எழுந்ததைக் கணக்கிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் அடைப்பு. தண்ணீர்ப் புட்டி, தேநீர்க் கோப்பை, துணி, பான் பொட்டலம் என்று கைக்கு வந்ததை எல்லாம் பயணிகள் உள்ளே போட்டனர். நுண்ணுயிர் மலத்தைத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தின்னுமோ? அதே ஆண்டில் செய்தியான சென்னை ஐ.ஐ.டி. ஆய்வொன்று, தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரைவிட மேலானதன்று என்று கூறியது.

இதை உணர நுண்ணுயிரின் இயல்பை அறிய வேண்டும். அது மந்திரவாதி அன்று, வேலைக்காரன். வேலைக்கு நேரம் வேண்டும். தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர் என்று கொள்வோம். ஒருமுறை கழுவப் பத்து லிட்டர் நீர் என்றால், முப்பது பேர் சென்று வந்ததும் 300 லிட்டர் புதிதாக உள்ளே வந்துவிடும். அதற்குமுன் இருந்தது, சிதைந்தாலும் சிதையாவிட்டாலும், வெளியே போயே தீர வேண்டும். நெரிசல் மிகுந்த வண்டியில் முப்பது பேர் செல்ல எத்தனை நாழிகை ஆகும்? இதனாலேயே புதிய பெட்டிகளில் விமானத்தில் உள்ளது போன்ற, காற்றால் உறிஞ்சும் கழிப்பறைகளை வைக்கின்றனர். அதற்கு ஒருமுறைக்கு அரை லிட்டர் நீர் போதும். நீர் குறைந்தால், கழிவு தொட்டியில் தங்கும் நேரம் கூடும். நுண்ணுயிரும் தன் வேலையை முடிக்கும்.

இரயிலின் வரலாறு நமக்குக் கூறும் உண்மை ஒன்றே. தொட்டி கழிவை ஒழிப்பதில்லை, ஒத்திப் போடுகிறது. ஒத்திப் போட்டதை முறையாக ஏற்றுக்கொள்ள நிலத்தில் ஓர் இடமும், அதற்கொரு பொறுப்பும் இல்லையென்றால், அது மற்றொருவர் தலையில் விழும். அந்த மற்றொருவர் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பார்.

தொட்டியைக் காக்கும் முறை

இனி, கேரவன் எடுத்துச் செல்வோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் காண்போம்.

முதலாவது, நீரைச் சிக்கனமாகச் செலவிடுக. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நூறு லிட்டர்க் கழிவைச் சுமந்து கண்டாலா மலைப்பாதை ஏறும் வண்டி, ஒன்றரை ஆள் எடையைக் கூடுதலாகச் சுமக்கிறது. பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தாலோ இலையாலோ எண்ணெயையும் எச்சிலையும் துடைத்துவிடுக. கழுவிய நீரைத் துணியில் வடிகட்டித் தொட்டிக்கு விடுக. வடிகட்டியில் நின்றதைக் குப்பைப் பையில் இட்டு ஊருக்குக் கொண்டு வருக.

இரண்டாவது, மலநீர்த் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். நிலையான இடத்தில் குழாயோடு இணைத்து வால்வைத் திறந்தே வைத்தால், நீர் முதலில் ஓடிவிடும். கட்டி மட்டும் தொட்டியின் அடியில் தங்கிக் குவிந்து இறுகிவிடும். பின்பு அதை அகற்றுவது பெரும்பாடு. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு ஒரே வீச்சில் திறந்தால், நீரின் வேகமே கட்டிகளை அடித்துக்கொண்டு போகும். சிக்கனம் கழுவுநீரில் இருக்கட்டும். மலநீர்த் தொட்டியின் அடியில் தொடக்கத்திலேயே சில லிட்டர் நீர் நிற்க வேண்டும் என்பதை மறவாதீர்.

மூன்றாவது, நாற்றத்துக்காக ஊற்றும் மருந்து. விலங்கியல் கூடத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கும் பார்மலினை நாம் அறிவோம். அதன் மூலப்பொருளான பார்மால்டிஹைடு, சில தொட்டி மருந்துகளிலும் சேர்க்கப்படுகிறது. அது நுண்ணுயிரைக் கொல்வதால் நாற்றம் நிற்கிறது. ஆனால் அதே நீரை ஒரு செப்டிக் டேங்கில் இறக்கினால், அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும். அந்த டேங்க் பயனற்றுப் போகும். ஆகவே நுண்ணுயிரால் இயங்கும் மருந்தையே கேட்டு வாங்குக. அத்தகைய மருந்தை ஊற்றிய தொட்டியில் பிளீச்சிங் பவுடரைப் போடாதீர். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர். குளோரின் என்னும் நச்சுவாயு எழும். சிறிய வண்டியின் அடைத்த அறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

நான்காவது, இறக்கும் வரிசை. முதலில் மலநீர், அடுத்துக் கழுவுநீர். சோப்புக் கலந்த கழுவுநீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். நல்ல நீர் பிடிக்கும் குழாய் வேறு, கழிவு இறக்கும் குழாய் வேறு என்று நிறத்தாலேயே வேறுபடுத்தி வைத்தல் நன்று. கையுறை அணிக, முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுக.

ஐந்தாவது, எக்காரணத்தாலும் யாரையும் எந்தத் தொட்டியினுள்ளும் இறங்கவோ தலையை நீட்டவோ விடாதீர். மலம் பிராணவாயுவின்றி அழுகும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் நொடியில் மனிதன் மயங்கி விழுவான். ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் செப்டிக் டேங்குகளில் மாண்டவர் பற்றிய செய்திகள் வருகின்றன. அவர்களைக் காக்க இறங்கி மாண்டவர்களும் உண்டு.

எங்கே இறக்குவது?

அமெரிக்க முகாம் இடங்களில் இதற்கென்றே இறக்கும் நிலையங்கள் உண்டு. வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டி, வால்வைத் திறந்தால் கழிவு நேரே சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ போய்விடும். ஐரோப்பாவில் பல வண்டிகளில் இருபது லிட்டர் அளவுள்ள சிறு பெட்டித் தொட்டி இருக்கும். அதைப் பையைப் போல் கையில் எடுத்துச் சென்று உரிய இடத்தில் கவிழ்த்து வருவர். நம் நாட்டில் கேரவன் பூங்காக்கள் என்ற பெயரில் இவ்வசதிகள் அமைய வேண்டும் என்பது அரசுகளின் நோக்கம். வாகமண் போன்ற இடங்களில் தொடக்கமும் ஆகியிருக்கிறது. ஆனால் வண்டிகள் பெருகும் வேகத்தில் பூங்காக்கள் பெருகவில்லை.

சென்ற விடுமுறையில் நண்பர் சிலரோடு கேரவன் ஒன்றை வாடகை பேசச் சென்றேன். விலையெல்லாம் பேசி முடிந்த பின், "கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வீர்கள்?" என்று வினவினேன். "அதற்கென்ன, இரவில் ஏதாவது நாலா ஓரமாய் நிறுத்தித் திறந்துவிடுவோம்" என்றார் ஓட்டுநர். அவர் கெட்டவர் அல்லர். வேறிடம் எது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கேட்ட வாடிக்கையாளரும் இல்லை.

நாலா ஓரம் என்றால் என்ன பொருள்? விக்ரோலியில் வாழும் எனக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. மும்பையில் நிலத்துக்கு அடியில் இருவகைக் கால்வாய்கள் உள்ளன. ஒன்று பாதாளச் சாக்கடை. அது பாண்டுப், காட்கோபர் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. மற்றொன்று மழைநீர் வடிகால். அதுவே நாலாவில் சேர்ந்து, எவ்விதச் சுத்திகரிப்புமின்றிக் கழிமுகத்துக்கும் கடலுக்கும் போகிறது. தெருவோரக் கம்பி மூடியைக் கண்டதும் "சாக்கடைதானே" என்று ஊற்றுகிறோம். அது பெரும்பாலும் மழைநீருக்கு உரிய வாய். அங்கே கொட்டியது, விக்ரோலிக்குக் கிழக்கே சதுப்பு நிலக் காட்டைத் தாண்டித் தாணா கழிமுகத்தை அடையும். 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற கழிமுகம் அது. அங்கே வலை வீசிப் பிழைக்கும் கோலி மீனவருக்கு அதுவே சோறு.

மலைச்சரிவில் நெருங்கி நிற்கும் குடிசைப் பகுதிகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல இன்னும் பொதுக் கழிப்பறையையே நம்பி வாழ்கின்றன. அக்கழிப்பறைகளில் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. கீழே இருப்பது செப்டிக் டேங்க். அது நிரம்பினால் என்னாகும் என்பதை மழைக்காலத்தில் அங்கே வாழ்வோர் நன்கு அறிவர். அங்கிருந்து படிக்க வந்த மாணவர், உல்லாசப் பயணத்தில் தம் தொட்டியை மற்றோர் ஏழை ஊரின் ஓடையில் திறந்துவிடலாமா?

ஆகவே வழி இதுதான். பயணம் புறப்படுமுன்பே இறக்கும் இடத்தை உறுதி செய்க. தங்கப்போகும் பூங்காவிலோ விடுதியிலோ சாக்கடை இணைப்போ, போதிய அளவுள்ள செப்டிக் டேங்கோ உண்டா என்று கேட்டு, உரிமையாளரின் இசைவைப் பெறுக. அதுவும் இல்லையேல், கழிவை உறிஞ்சும் லாரியை வரவழைத்து, அது எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதையும் விசாரித்து, அதற்குரிய கட்டணத்தை வாடகையோடு சேர்த்து எண்ணுக. இடம் கிடைக்கவில்லையேல் தொட்டியை மூடியபடியே நகருக்குக் கொண்டு வருக.

கூடாரவாசிகளுக்கு

மாணவரிடம் கேரவனுக்குப் பணம் ஏது என்று சிலர் நகைக்கக்கூடும். கூடாரமே நமக்குப் போதும். கூடாரத்துக்குத் தொட்டி இல்லை. ஆனால் விதி உண்டு. ஏரி, ஓடை, கிணறு எதுவாயினும் அதிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளிச் செல்க. நம் நடையில் நூறு அடி எடுத்து வைத்தால் அத்தொலைவு வந்துவிடும். மேல்மண் உள்ள இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுக. மட்கச் செய்யும் உயிர்கள் மேல்மண்ணிலேதான் மிகுதி. ஆழத் தோண்டுவதால் நன்மையில்லை. பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, அதே தொலைவில் ஒரே இடத்தில் தேங்காமல் வீசி இறைத்துவிடுக.

"நாங்கள் சோப்புப் போடுவதில்லை, சீயக்காய்தான்" என்று கூறி ஏரியிலேயே தலை முழுகுவோருக்கு ஒரு சொல். சீயக்காயில் நுரையை எழுப்பும் பொருளுக்குச் சப்போனின் என்று பெயர். அது நம் தலைமுடிக்கு நல்லது. மீனின் செவுளுக்கு நஞ்சு. இயற்கைப் பொருள் என்பதனாலேயே அது எங்கும் தீங்கற்றது என்று எண்ணுவது பேதைமை. பெருங்கூட்டமாகச் செல்வோர், நூறு பேர் நூறு குழி தோண்டும் இடத்தை விட்டு, கழிப்பறை உள்ள இடத்தையே தங்கத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் கடமை

நண்பர்களே, ஊர் சுற்றுவது இளைஞர்க்கு அழகு. சகியாத்திரி மலையையும் கொங்கணக் கடலையும் காணாமல் இந்நாட்டில் வாழ்வதிற் பயனில்லை. செல்லுங்கள், கண்டு களியுங்கள். ஆனால் வண்டி பேசும்போது மூன்று கேள்விகளைத் தவறாது கேளுங்கள். மலநீரும் கழுவுநீரும் தனித்தனித் தொட்டிகளில் உள்ளனவா? தொட்டியில் ஊற்றும் மருந்து எது? தொட்டியைக் காலி செய்யும் இடம் எது, காலி செய்பவர் யார்? மூன்றாம் கேள்விக்குத் தக்க விடை வராத வண்டியை ஏற்காதீர். பத்து வாடிக்கையாளர் கேட்டால் உரிமையாளர் சிந்திப்பார்; நூறு உரிமையாளர் நெருக்கினால் அரசு இறக்கும் நிலையங்களைக் கட்டும்.

இரயில்வேக்குக் கழிப்பறை வந்தபோது, கீழே விழுவதை ஏற்பவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்க நூறாண்டு ஆயிற்று. அந்நூறாண்டும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் துடைப்பம் ஏந்திய கைகளே. கேரவன் வண்டிகள் இன்னும் சிலவாகவே இருக்கும் இப்போதே அக்கேள்வியைக் கேட்டுவிடுவது, கல்வி கற்ற நம் கடமையாகும்.